ஏழு தகரம்

எங்கள் காம்பராவுக்கு மொத்தம் பதினாலு வேண்டும்.
ஐயாவின் டிராக்டர் இறக்கிவிட்டுப் போனது ஏழு.
மிச்சம் முடிவு வந்த பிறகு என்றான் சன்னாசி,
பீடியைக் காதில் செருகிக்கொண்டு,
மழையும் முடிவுக்குக் காத்திருக்கும் என்பதுபோல.
ஏழை வைத்து எதை மூடுவது,
அடுப்பையா, படுக்கையையா?

கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார்.
சப்பாத்தில் அட்டை ஏறுவது தெரியாமல்
மலையடியில் நின்று கேட்டார்:
அக்கா, ஐந்து வருஷத்தை ஏழு தகரத்துக்கு விற்பது
புத்தியுள்ள காரியமா?
அட்டையைப் பிடுங்கிப் போட்டேன்.
பதில் சொல்வதற்குள் நிறுவைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முழுப் பேருக்குப் பதினெட்டுக் கிலோ.
அன்று என் கூடையில் பதினாறரை.
தண்ணிக்கு இரண்டு, கூடைக்கு ஒன்று கழித்து
பதின்மூன்றரை என்று எழுதினார் கணக்கப்பிள்ளை.
அரைப்பேர்.
அழகுபாக்கியம் என்று வைத்தாள் அம்மா.
அதை எங்கே வெட்டினால் அரை வரும்?
அழகு எனக்கு, பாக்கியம் கொம்பனிக்கு.

ராத்திரி மகளின் கொப்பியில் கணக்குப் போட்டேன், தம்பி.
பொகவந்தலாவை டவுனில் ஒரு தகரம்
இரண்டாயிரத்து எண்ணூறு.
ஏழுக்குப் பத்தொன்பதாயிரத்து அறுநூறு.
ஐந்து வருஷத்து நாட்களால் பிரித்து
வீட்டில் உள்ள மூன்று வாக்கால் மறுபடி பிரித்தால்
ஒரு வாக்கு, ஒரு நாளைக்கு,
மூன்று ரூபாய் ஐம்பத்தெட்டுச் சதம்.
தீப்பெட்டிகூட வராது.
வெட்கமாகத்தான் இருந்தது.
தாளைத் திருப்பி மற்றக் கணக்கையும் போட்டேன்:
மேடைக்கு மேடை கூடிய சம்பளம்,
உறுதிப் பத்திரம், தனி வீடு,
ஏழு பேர்ச் காணி (அங்கேயும் ஏழுதான்).
கோடிக்கு மேல் வந்தது.
கிடைக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவோ
அதால் பெருக்கினேன்.
பூஜ்ஜியத்தால் பெருக்கத்
தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தந்தார்கள்.

புத்தி என்பது இதுதான் என்றால்
என்னிடம் நிறைய இருக்கிறது.
கூரைதான் இல்லை.

அடுத்த காம்பரா மூக்காயி மற்றக் கட்சி.
சங்கம் உடைந்த நாளிலிருந்து
பீலிக்கரையில்கூட எங்களுக்குள் பேச்சில்லை.
அவளுக்கும் ஏழு வந்திருந்தது,
நீல நிறத்தில்.

வாக்குப் போடுகிற இடத்தில்
என் பேரை முழுசாக வாசித்தார்கள்,
ஒரு கிலோவும் கழிக்காமல்.
அதற்காகவே இன்னொரு தரம் வரிசையில் நிற்கலாம்போல் இருந்தது.
புள்ளடி எங்கே விழுந்தது என்பது
எனக்கும் அந்தப் பெட்டிக்கும்.

ஐயா வென்றார். இல்லை, மற்றவர்.
மழை இருவரையும் விசாரிக்கவில்லை.
இரண்டாவது ஏழு
எந்த டிராக்டரிலும் ஏறவில்லை.

மூன்றாம் இரவு சட்டி பானை எல்லாம் நிறைந்த பிறகு
மூக்காயி சுவரைத் தட்டினாள்.
ஏழும் ஏழும் எத்தனை?
நாலு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

யார் கூரைக்கு என்று சீட்டுப் போட்டோம்.
அவள் மகன் அதே கொப்பியில் தாள் கிழித்தான்,
என் மகள் எடுத்தாள்.
மூக்காயிக்கு விழுந்தது.
எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.
ஆனாலும் விடியுமுன் என் ஏழையும்
நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

இப்போது மழை இரவுகளில்
ஒரு காம்பராவில் ஒன்பது பேர்.
வெள்ளைத் தகரத்தின் அலை வேறு,
நீலத்தின் அலை வேறு.
இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார மறுக்கும் இடத்தில்
ஒழுகுகிறது.
கீழே ஒரு பேசின் வைத்திருக்கிறோம்.
நிறைய நிறைய எழும்பி ஊற்றவேண்டும்,
ஒரு தரம் அவள், ஒரு தரம் நான்.

நேற்று என் முறைக்கும் அவளே எழும்பினாள்.
நான் விழித்துத்தான் கிடந்தேன்,
கண்ணை மூடிக்கொண்டு.